தொழில் கோப்புகளை எங்கே வைப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அலுவலகத்திலேயே சர்வர் வைத்துக்கொள்வதா, கிளவுடுக்கு (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பிடத்துக்கு) மாறுவதா என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. எழுதியவர்கள் பெரும்பாலும் சிறு, நடுத்தரத் தொழில் நடத்துபவர்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். டேலி கணக்கு, பையர்கள் அனுப்பும் டெக் பேக் (ஆடை விவரக் குறிப்பு), பேட்டர்ன் கோப்புகள், ஷிப்மென்ட் ஆவணங்கள் எல்லாம் அலுவலக சர்வரில் இருக்கின்றன. மொத்தம் இரண்டு டெராபைட் வரும். சர்வர் பழையதாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கச் சொல்கிறார் சர்வர் விற்பவர்; எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிடச் சொல்கிறார் கிளவுட் விற்பவர். யார் சொல்வதைக் கேட்பது?
(ஏற்றுமதியாளர், திருப்பூர்)

பதில்: இருவருமே தங்கள் சரக்கிலிருந்து பேசத் தொடங்குகிறார்கள். நீங்கள் உங்கள் தொழிலிலிருந்து தொடங்குங்கள். இன்று மதியம் சர்வர் நின்றுவிட்டால் எத்தனை மணி நேரம் வேலையை ஓட்ட முடியும்? மீட்டெடுக்கும்போது நேற்று மாலை வரையிலான கோப்புகள் கிடைத்தால் போதுமா, அல்லது ஒரு மணி நேரத்து வேலை போனாலே ஷிப்மென்ட் தவறிவிடுமா? கணக்குப் பிரிவும், மெர்ச்சண்டைசிங் பிரிவும், பேட்டர்ன் போடுபவரும் இவற்றுக்கு வெவ்வேறு விடை சொல்வார்கள். அந்த விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே சர்வரின் விலையையும் கிளவுடின் மாத வாடகையையும் பார்க்க வேண்டும்.

சொந்தக் கட்டடத்தில் இருந்தால் பத்திரம் என்று சிலரும், பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்தால் பத்திரம் என்று சிலரும் உறுதியாக நம்புகிறார்கள். அண்மை ஆண்டுகளில் இரண்டு நம்பிக்கைகளும் பொய்த்திருக்கின்றன. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 2021 மார்ச் 10 அன்று ஓ.வி.எச். கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் முற்றிலும் அழிந்தது. வேறிடத்தில் பிரதி வைத்திராத வாடிக்கையாளர்கள் பலர் தங்கள் கோப்புகளை நிரந்தரமாக இழந்தார்கள். தென் கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அந்நாட்டு அரசின் சொந்தத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ பரவியது. அரசு ஊழியர்கள் தம் ஆவணங்களைச் சேமித்து வந்த ஜி டிரைவ் என்ற தொகுப்பில் 858 டெராபைட் அதில் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியிடத்தில் பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை. முதலாவது வாடகை இடம், இரண்டாவது சொந்த இடம். இழந்தவர்கள் அனைவரும் ஓரிடத்தை மட்டுமே நம்பியிருந்தவர்கள். நம் ஊர்ச் சான்று வேண்டுமென்றால், 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது ஈக்காட்டுத்தாங்கல், கிண்டிப் பகுதித் தொழிற்கூடங்களின் தரைத் தளங்களுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே சர்வரா கிளவுடா என்பதைத் தீர்மானிப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிடலாம்: எந்தக் கோப்பும் ஒரே இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய ஒரு விதி உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. மூன்று பிரதிகள் இருக்க வேண்டும், அவை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்க வேண்டும் என்பதே அது. உங்கள் இரண்டு டெராபைட்டுக்கு இது எளிதில் கைகூடும்.

இனி, எதை எங்கே வைப்பது? மின்னஞ்சல், டெக் பேக், ஷிப்மென்ட் ஆவணங்கள் ஆகியவற்றைக் கிளவுடில் வைத்தே வேலை செய்யுங்கள். அவை அளவில் சிறியவை. ஊர் ஊராகப் போகும் மெர்ச்சண்டைசருக்கும் தொழிற்சாலையில் இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுபவை. பேட்டர்ன் கோப்புகளை அலுவலகத்திலேயே, இரண்டு அல்லது நான்கு டிஸ்க் கொண்ட என்.ஏ.எஸ். பெட்டி (அலுவலகக் கணினிகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி) ஒன்றில் வைத்து, இரவுதோறும் கிளவுடுக்குப் பிரதி போகும்படி அமைத்துக்கொள்ளலாம். பெரிய சர்வர் உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

டேலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டேலியின் தரவுக் கோப்புறையைக் கூகுள் டிரைவ் போன்றவற்றின் ஒத்திசைவுக் கோப்புறைக்குள் (இங்கே மாறியது இணையத்திலும் தானாகவே மாறும் கோப்புறை) வைத்து, இரண்டு மூன்று பேர் வெவ்வேறு கணினிகளில் திறந்து வேலை செய்யும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒருவர் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே பாதிக் கோப்பு மேலே போய், மற்றொருவர் கணினியில் பழைய பாதி தங்கி, கணக்கே கெட்டுப்போகக் கூடும். 'டேலி ஆன் கிளவுட்' என்று விற்கப்படுவது வேறு. அதில் டேலி தொலைவில் உள்ள ஒரு வாடகை விண்டோஸ் சர்வரில் ஓடுகிறது, உங்கள் ஊழியர் அதன் திரையை மட்டும் இங்கிருந்து பார்க்கிறார். இது சரியான முறைதான். ஆனால் அந்த வாடகைச் சர்வரின் பேக்கப் எங்கே எடுக்கப்படுகிறது, எத்தனை நாள் வைக்கப்படுகிறது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

செலவைப் பொறுத்தவரை, சர்வரின் விலைச்சீட்டில் வராத செலவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: யு.பி.எஸ். பேட்டரி, ஏ.சி., மாற்று டிஸ்க், கோளாறு வந்தால் ஓடிவரும் ஆள். அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் தன் தரவு மையங்களில் உள்ள லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை டிஸ்க் பழுதாகிறது என்பதே அதன் அண்மைக்கால நிலவரம். கேட்கச் சிறிய எண்தான். ஆனால் டிஸ்க்குக்கு வயதாக ஆக இந்த விகிதம் ஏறும். இரண்டே டிஸ்க் வைத்திருப்பவருக்குச் சராசரியால் பயனும் இல்லை. கிளவுடிலும் விலைச்சீட்டுக்கு வெளியே செலவுகள் உண்டு. சேமிப்பதற்கு மலிவாகவும் திரும்ப எடுப்பதற்குத் தனிக் கட்டணமாகவும் அமைந்த திட்டங்கள் பல. அமேசானின் மிக மலிவான ஆவணக் காப்புத் திட்டத்தில் கோப்பைக் கேட்டால் கைக்கு வர 12 மணி நேரம் வரை ஆகலாம், திரும்ப எடுப்பதில் இன்னும் மலிவான முறையைத் தேர்ந்தெடுத்தால் 48 மணி நேரம் வரை. பத்தாண்டுக்கு முந்தைய இன்வாய்ஸுக்கு அது பொருந்தும், நாளை கட்டிங்குக்குப் போக வேண்டிய பேட்டர்னுக்குப் பொருந்தாது.

கேள்வி: நாங்கள் காலண்டர், டைரி அச்சிடும் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறோம். ஒரு டிசைன் கோப்பே இரண்டு ஜிபி வரை வருகிறது. எல்லாரும் கிளவுடுக்குப் போகிறார்கள், நாமும் போக வேண்டும் என்று மகன் வற்புறுத்துகிறான். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.
(அச்சக உரிமையாளர், சிவகாசி)

பதில்: உங்கள் தயக்கத்திற்குக் கணக்கு ஆதரவாக இருக்கிறது. இணைய இணைப்பின் பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஜிபி கோப்பு மேலே போவதற்குச் சுமார் 13 நிமிடம் ஆகும். அதே கோப்பு அலுவலகத்துக்குள் ஜிகாபிட் கேபிள் வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் போக, டிஸ்க்கின் வேகமும் ஒத்துழைத்தால், அரை நிமிடம்கூட ஆகாது. டிசைனர் ஒரு நாளில் பலமுறை திறந்து மூடும் கோப்புகளை இந்த வேகத்தில் கிளவுடில் வைத்து வேலை செய்யச் சொல்வது அவருடைய பொழுதை வீணாக்குவதாகும்.

ஆனால் உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். சிவகாசியில் ஆடிப் பெருக்கன்று புதிய ஆண்டின் காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து டிசம்பர் வரை ஆர்டர் குவியும். அந்த மாதங்களில் டிசைன் கோப்புகள் அழிந்தால் அந்த ஆண்டின் வருமானமே போய்விடும். காலண்டரை ஜனவரிக்குப் பின் யாரும் வாங்க மாட்டார்கள். வேலை செய்வது அலுவலகத்து என்.ஏ.எஸ். பெட்டியில் நடக்கட்டும், இரவில் அச்சகம் ஓய்ந்த பிறகு அன்றைக்கு மாறிய கோப்புகள் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும். முதல் முறை மட்டும் நேரம் பிடிக்கும். ஒரு டெராபைட்டை 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய நான்கரை நாள் இடைவிடாமல் இணைப்பு வேண்டும், 100 எம்பிபிஎஸ் இருந்தால் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஆகையால் அந்த முதல் பதிவேற்றத்தைச் சீசன் தொடங்குமுன், ஆனி மாதத்திலேயே முடித்துவிடுங்கள். இணைய இணைப்பு வாங்கும்போது பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தையும் கேளுங்கள். கேபிள் இணைப்புகள் பலவற்றில் இது மிகக் குறைவு. ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலும் இரண்டும் சமமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் பட்டறைக் கோப்புகள் எல்லாம் கூகுள் டிரைவில் தானாகவே ஒத்திசைவாகின்றன. அப்படியென்றால் பேக்கப் இருக்கிறது என்றுதானே பொருள்?
(பம்ப் உதிரிபாகத் தயாரிப்பாளர், கோவை)

பதில்: பேக்கப் இருப்பதாகக் கொள்ள முடியாது. நீங்கள் இங்கே ஒரு கோப்பை அழித்தால் ஒத்திசைவு அங்கேயும் அழிக்கிறது. இங்கே ஒரு வரைபடம் கெட்டால் கெட்ட வரைபடத்தையே அங்கும் கொண்டு சேர்க்கிறது. தவறைச் சில நாட்களுக்குள் கவனித்துவிட்டால் தப்பலாம், ஏனென்றால் கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் அழிந்த கோப்பு 30 நாள் இருக்கும். இரண்டு மாதத்திற்கு முன் யாரோ மாற்றிவிட்ட வரைபடத்தை இன்றைக்குத்தான் கவனிக்கிறீர்கள் என்றால் வழி அநேகமாக இல்லை. மாத இறுதி நிலையையும் ஆண்டு இறுதி நிலையையும் தனியே எடுத்து வைக்கும் பேக்கப் மென்பொருள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்.ஏ.எஸ். பெட்டிகள் பலவற்றில் அது கூடவே வருகிறது.

கேள்வி: எங்கள் ஆடிட்டர், கணக்குகள் இந்தியாவில் உள்ள சர்வரில்தான் இருக்க வேண்டும் என்கிறார். சட்டம் அப்படிச் சொல்கிறதா? எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?
(பிரைவேட் லிமிடெட் நிறுவன இயக்குநர், சென்னை)

பதில்: உங்கள் ஆடிட்டர் சரியான இடத்தைத்தான் சுட்டுகிறார். 2014ஆம் ஆண்டின் கம்பெனிகள் கணக்கு விதிகளில் மூன்றாவது விதி இதைப் பேசுகிறது. மின்னணு வடிவில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி, அந்தக் கணக்கு வெளிநாட்டில் இருந்தாலும், அதன் பேக்கப்பை இந்தியாவில் அமைந்துள்ள சர்வரில் வைத்திருக்க வேண்டும். அவ்வப்போது எடுத்தால் போதும் என்றிருந்த நிலை 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்டு, நாள்தோறும் எடுக்க வேண்டும் என்று ஆகியிருக்கிறது. பங்குதாரர் நிறுவனத்தையும் தனி உரிமையாளரையும் இவ்விதி கட்டுப்படுத்தாது; எனினும் நாள்தோறும் எடுப்பது அவர்களுக்கும் நல்ல பழக்கமே.

இதற்காகக் கிளவுடை விட்டு விலக வேண்டிய தேவை இல்லை. அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னை, புனே, மும்பையிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் தரவு மையங்கள் இருக்கின்றன. கணக்கு தொடங்கும்போது எந்தப் பகுதி என்று கேட்கும் இடத்தில் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பலர் அங்கே முன்னிருப்பாக வரும் வெளிநாட்டுப் பகுதியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மின்னஞ்சல், கணக்கு மென்பொருள் போன்று ஆயத்தச் சேவைகளாக வாங்குபவற்றில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி எல்லாத் திட்டங்களிலும் கிடைப்பதில்லை. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குக் காக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி, அந்தந்த ஆண்டின் ஆண்டுப் படிவம் தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ நடந்தால் இன்னும் நீளும். எட்டாண்டு என்பது ஒரு டிஸ்க்கின் ஆயுளைவிட நீண்ட காலம் என்பதை மறக்க வேண்டாம். பழைய கணக்கைத் திறக்கும் பழைய மென்பொருளும் அதுவரை இயங்க வேண்டும்.

வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண், முகவரி போன்றவற்றை வைத்திருப்பவர்கள் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. கோப்பு கிளவுட் நிறுவனத்திடம் இருந்தது என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. திரட்டியவர் நீங்கள் என்பதால் பொறுப்பும் உங்களுடையதே.

கேள்வி: சர்வரோடு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை நிரந்தரமாக இணைத்து வைத்திருக்கிறோம். தினமும் இரவு பத்து மணிக்குத் தானாகவே பேக்கப் ஆகிவிடும். ரான்சம்வேர் தாக்கினால் இது போதுமா?
(ஜவுளி மொத்த வியாபாரி, ஈரோடு)

பதில்: போதாது என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஏற்பாட்டை நம்பி முதலைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். ரான்சம்வேர் உள்ளே நுழைந்ததும் தன் கைக்கு எட்டும் எல்லா டிரைவிலும் உள்ள கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்குப் பணம் கேட்கும். உங்கள் ஹார்டு டிஸ்க் சர்வருக்கு ஒரு டிரைவாகத் தெரிகிறது, ஆகவே அதற்கும் தெரியும். பூட்டுக்கான சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட நிலை இது. உள்ளே வந்தவுடன் முதலில் பேக்கப்பைத் தேடி அழித்துவிட்டுப் பிறகு மற்றவற்றைப் பூட்டுவதும் இப்போது தாக்குபவர்களின் வழக்கமாகிவிட்டது.

2017 ஜூன் 27 அன்று உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்றான மேர்ஸ்க், நாட்பெட்யா என்ற நச்சு நிரலால் தாக்கப்பட்டது. அந்நிறுவனத்தில் யார் யாருக்கு எந்தக் கணினியில் அனுமதி என்பதை வைத்திருக்கும் சர்வர்கள் பல நாடுகளில் இருந்தன. ஒன்றில் உள்ளதை மற்றொன்று உடனுக்குடன் படியெடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். அதனால் தனியே பேக்கப் தேவையில்லை என்று இருந்துவிட்டார்கள். தாக்குதலில் அவை ஒட்டுமொத்தமாக அழிந்தன. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பியது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு. அதனால் அந்தச் சர்வர் கணினி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. நிறுவனம் அதிலிருந்துதான் மீண்டது.

கானாவில் தற்செயலாக நடந்ததை நீங்கள் திட்டமிட்டுச் செய்யுங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் இணையுங்கள். இணைக்காதது கடையில் இல்லாமல் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். கிளவுட் பேக்கப்பும் வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் உண்டு. அதை 30 நாளுக்காவது இயக்கி வையுங்கள். அந்தக் கிளவுட் கணக்கின் கடவுச்சொல்லைச் சர்வரில் சேமித்து வைக்காதீர்கள், கைபேசிக்கு வரும் இரண்டாம் அடையாளச் சோதனையையும் கட்டாயமாக்குங்கள்.

தாக்குதல் நடந்துவிட்டால் சர்வரை வலையிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். இந்திய கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய நிகழ்வுகளைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: கிளவுட் நிறுவனம் ஒருநாள் நம் கணக்கை முடக்கிவிட்டால் என்ன செய்வது? இப்படி நடப்பதுண்டா?
(மருந்து விநியோகஸ்தர், மதுரை)

பதில்: நடந்திருக்கிறது, நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யத் தொடர்பின் பேரில் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் மீது தடை விதித்தது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனம் அது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் சேவைகள் நிறுத்தப்பட்டு, தன் சொந்தத் தரவையே தன்னால் எட்ட முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சில நாட்களில் சேவை மீண்டும் வந்தது. உயர் நீதிமன்றம் வரை உடனே போக அவர்களுக்கு வழி இருந்தது. மருந்து விநியோகஸ்தருக்கு அந்தச் சில நாட்களே தாங்காது. 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் கூகுள் கிளவுட் கணக்கு, கூகுள் தரப்பில் நேர்ந்த அமைப்புப் பிழையால் அழிக்கப்பட்டது. அவர்கள் இரண்டு ஊர்களில் பிரதி வைத்திருந்தும் இரண்டுமே ஒரே கணக்கின் கீழ் இருந்ததால் சேர்ந்தே போயின. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் அவர்கள் மீள்வதற்குக் கைகொடுத்தது.

உங்கள் அளவில் இதைவிட அன்றாடமாக நடக்கும் ஒன்றைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். கம்பெனியின் கிளவுட் கணக்கு பெரும்பாலான இடங்களில் யாரோ ஓர் ஊழியரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கப்பட்டிருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால், அல்லது அவரது கைபேசி எண் மாறினால், கணக்கைத் திறக்க ஆளில்லை. மாதக் கட்டணம் முதலாளியின் பழைய கிரெடிட் கார்டில் போய்க்கொண்டிருக்கும். கார்டு காலாவதியானதும் நினைவூட்டல் கடிதங்கள் யாரும் பார்க்காத முகவரிக்கு வந்து குவியும். நிறுவனத்தின் சொந்த டொமைன் (நிறுவனப் பெயரிலான இணைய முகவரி) கொண்ட மின்னஞ்சலில், இரண்டு பொறுப்பாளர்கள் பெயரில் கணக்கைத் தொடங்குங்கள். ஒரு பிரதியை எப்போதும் வேறு நிறுவனத்திடமோ உங்கள் கையிலுள்ள டிஸ்க்கிலோ வைத்திருங்கள்.

ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறுவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. முழுவதுமாக விலகிப் போகும் வாடிக்கையாளரிடம் தரவை வெளியே எடுப்பதற்கான கட்டணத்தைக் கைவிடுவதாகக் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024இல் அறிவித்தன. அதற்கு முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும், நிபந்தனைகளும் உண்டு.

கேள்வி: பேக்கப் சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் 'வெற்றி' என்று மின்னஞ்சல் வருகிறது.
(பள்ளித் தாளாளர், தஞ்சாவூர்)

பதில்: மின்னஞ்சலை நம்பாமல் மீட்டுப் பாருங்கள். மென்பொருள் நிறுவனமான கிட்லேப், 2017 ஜனவரி 31 அன்று ஓர் ஊழியர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்தபோது, தான் அமைத்திருந்த பேக்கப் முறைகள் பலவும் வேலை செய்யவில்லை என்பதை அந்த நேரத்தில்தான் கண்டது. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு பிரதி காப்பாற்றியது. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் எழுதி வெளியிட்டதால் மற்றவர்களும் கற்றுக்கொள்ள முடிந்தது.

ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் முன்பாக ஒரு நாளைக் குறித்து, பழைய மதிப்பெண் பட்டியல் ஒன்றையும் கட்டணப் பதிவேட்டையும் பேக்கப்பிலிருந்து வேறொரு கணினியில் மீட்டெடுக்கச் சொல்லுங்கள். வழக்கமாகச் செய்பவரிடம் சொல்லாமல், அலுவலகத்தில் வேறொருவரிடம் சொல்லுங்கள். எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து அவரால் முடிகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கோப்பைத் திறந்து பெயர்களும் எண்களும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை அநேகமாகக் கடவுச்சொல் கிடைக்காமல் நிற்பார்கள். அதை ஒரு சாதாரண நாளில் தெரிந்துகொள்வது நல்லது.